கம்பெனி ஒயர்

கல்லிடைக்குறிச்சியில் டாக்ஸி ஓட்டுகிற சண்முகவடிவின் காரில், மூன்றாவது சிலிண்டர் நாலு துடிப்புக்கு ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு ஓடத் தொடங்கிய ஆடி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, வீரவநல்லூரைத் தாண்டிய வளைவில், அவளுடைய புருசன் பேச்சிமுத்து பேசினான். பிறந்து நாற்பத்தேழு வருசமாக எந்தச் சொல்லையும் ஒரே தடவையில் சொல்லி முடிக்காதவன் அவன். பேச்சிமுத்து என்று தன் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்புவார். டீக்கடையில் காப்பிதான் வேண்டும், ஆனால் 'கா' வராது என்பதற்காக டீயையே குடித்துப் பழகியவன். அப்படிப்பட்டவன் முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வாழைத் தோட்டத்தைப் பார்த்தபடி, "இந்த வருசம் வாழைக்குக் காத்து ஜாஸ்தி வடிவு, போன வருசம் இந்நேரம் இவ்வளவு சாயல" என்று ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னான்.

வடிவு கியரை மாற்றிக்கொண்டே, "ஆமா, மேல்காத்து" என்றாள்.

பின் சீட்டில் தலையணையில் சாய்ந்திருந்த ஆவுடையம்மாள் டீச்சர் கண்ணைத் திறந்து, "இப்ப யாரு பேசினது?" என்று கேட்டாள். "அவுகதான் டீச்சர்" என்றாள் வடிவு. டீச்சர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோய், செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்புகிற அவளுக்கு ஆச்சரியப்படுவதற்கு மிச்சம் பலம் இல்லை. பேச்சிமுத்துவுக்குத் தையல் வேலை. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவன். வெள்ளிக்கிழமைகளில் நூலும் பொத்தானும் வாங்குவதற்காக அந்தக் காரில் கூடப் போவது அவன் வழக்கம், போகிற முப்பத்தைந்து கிலோமீட்டரும் தலையாட்டுவதைத் தவிர எதுவும் செய்யாமலிருப்பதும் அவன் வழக்கம்.

அன்றைக்கு அவன் சேரன்மகாதேவி வரைக்கும் பேசினான், பத்தமடை வரைக்கும் பேசினான், மேலப்பாளையத்து நெரிசலில் கார் நின்று நின்று ஊர்ந்தபோதும் பேசினான். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு தனக்குப் பிடிக்காது என்பதை, அதைப் பத்தொன்பது வருசம் சாப்பிட்ட பிறகு சொன்னான். கல்யாணத்தன்று அவள் கட்டியிருந்த அரக்குப் புடவையின் முந்தி உள்பக்கமாக மடிந்திருந்ததையும், அதைச் சொல்ல வாயெடுத்து முடிப்பதற்குள் போட்டோ எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொன்னான். மகளுக்குப் பவளக்கொடி என்று பேர் வைக்க ஆசைப்பட்டதைச் சொன்னான். தொட்டில் அருகே குனிந்து மூன்று தடவை சொல்ல வேண்டிய பேர் முதல் எழுத்திலேயே நின்றுபோக, எல்லோரும் காத்திருக்க, குழந்தை வீறிட, அவனுடைய அத்தை பொறுமையிழந்து உமா என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை இன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இதையெல்லாம் அவன் கோபமில்லாமல், யாரோ ஊரிலிருந்து வந்து விசாரித்ததற்குப் பதில் சொல்வது போலச் சொன்னான். வடிவு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த நொடியில் அவன், "டீச்சருக்குப் பெட்ஷீட்ட நான் எடுத்திட்டு வா" என்றவன், அந்த 'வா'விலேயே நின்றான். வா, வா, வா என்று மூன்று தடவை முட்டிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பெட்ஷீட்டை எடுத்தான்.

திரும்பும்போது எஞ்சின் ஓடியது, அவனும் பேசினான். எஞ்சின் திக்கினால் அவன் திக்கவில்லை. அவ்வளவுதான். மறுநாள் மெக்கானிக் லூர்து பானெட்டைத் திறந்து மூன்றாவது பிளக் ஒயரை விரலால் அழுத்திப் பிடித்தபோது கார் சீராக ஓடியது, முன் சீட்டிலிருந்த பேச்சிமுத்து பாதிச் சொல்லில் மாட்டினான். லூர்து கையை எடுத்தார், கார் தடுமாறியது, சொல்லின் மறுபாதி வெளியே வந்தது. லூர்து இதை மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "சரிதான்" என்றார். பேசினது நல்ல விசயம், ஆனால் கரண்ட் லீக் ஆவது கெட்ட விசயம், இரண்டும் ஒரே ஒயரில் இருக்கிறது என்றும் சொன்னார்.

ஊர் இதை மெதுவாக வாங்கிக்கொண்டது. எஞ்சினின் அதிர்வுதான் நாக்கைப் பிடித்துவிடுகிறது என்றார் ஒருவர், அம்மன் அருள் என்றார் இன்னொருவர், காரை முன்பு வைத்திருந்த டாக்டரின் கைராசி என்றார் மூன்றாமவர். டீ வந்ததும் மூன்று பேரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். யாரோ பானெட்டில் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் செருகினார்கள். வடிவு பழத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் ஊறுகாய் போட்டாள். அதற்குள் திக்குகிற ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் வந்தவர் பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சுடலைமணி. நிறுத்தங்களின் பேரைச் சொல்ல முடியாமல் விசிலிலேயே வேலையை ஓட்டியவர் அவர். பின் சீட்டில் உட்கார்ந்து பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி வரைக்கும் அத்தனை நிறுத்தத்தையும் வரிசையாக உரக்கச் சொன்னார், பிறகு திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் வரைக்கும் சொன்னார், இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டூட்டிக்குப் போனார். வீரவநல்லூரிலிருந்து வந்த ஒரு பெண் காருக்குள்ளிருந்தே போனில் பேசி ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வை முடித்தாள். ஆட்டோ ஓட்டும் பீர்முகம்மது, சண்டை போட்டுப் பிரிந்த தன் அண்ணனைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்து, எட்டு வருசத்துக் கோபத்தை ஒரே மூச்சில் கொட்டினார். கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், "இத அப்பவே சொல்லியிருக்கலாமேலே" என்றார். "சொல்லிக்கிட்டேதான் இருந்தேன், நீதான் பாதியில எந்திரிச்சுப் போயிட்ட" என்றார் பீர்முகம்மது. இன்னொருவர் வந்து அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேச நினைத்தால் பேசலாம் என்பதே போதும் என்பது போல நிம்மதியாக இறங்கிப் போனார்.

ஆவணி முடிவதற்குள் ஞாயிற்றுக்கிழமை காலைகள் அதற்கென்றே ஆகிவிட்டன. டாக்ஸி ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் கார் நின்றபடி ஓடும். வெளியூர்க்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருப்பார்கள். மற்ற டிரைவர்கள் ஹாரன் அடிக்காமல் வண்டியை எடுப்பார்கள். அப்பளக் கம்பெனிப் பெண்கள் நடந்து போகும்போது பேச்சைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஊருக்கு இது ஒரு அதிசயம் என்ற நினைப்பே போய்விட்டது.

கார் மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. புரட்டாசியில் லூர்து வடிவையும் பேச்சிமுத்துவையும் தன் ஷெட்டுக்குள் கூப்பிட்டு, நடுப்பகலில் ஷட்டரை இழுத்து மூடி இருட்டாக்கினார். இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பேச்சிமுத்துவின் பாட்டிலையே வாங்கி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மேல் லேசாகத் தெளித்தார். நாலு ஒயரின் மேலும் நீல நிறத்தில் பொடிப்பொடியாகத் தீப்பொறிகள் ஓடின. அழகாகத்தான் இருந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது வண்டியோட பிறந்த ஒயர் தங்கச்சி" என்றார் லூர்து. "கம்பெனியில போட்டது. இருபத்திரண்டு வருசம் தாங்கினதே பெரிசு. இப்ப மேல் ரப்பரெல்லாம் வெடிச்சிட்டு. வெயில் காலத்துல ஒரு சிலிண்டர்தான் விடும். ஐப்பசி மழை இறங்கி ஈரம் பட்டுதுன்னா நாலும் விட்டுரும், நடு ரோட்டுல நின்னுரும். பெட்ரோல் பைப் பக்கத்துல பொறி பறக்கதும் நல்லதில்ல."

"ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் பழசப் போட்டுக்கிட்டா என்ன அண்ணாச்சி? மத்த நாளு புதுசு?" என்று கேட்டாள் வடிவு.

"நானும் அதத்தான் யோசிச்சேன். பிளக் மேல உக்காந்திருக்க ரப்பர் தொப்பி பிளக்கோட ஒட்டிக் கிடக்கு. இழுத்தா பிஞ்சிரும். ஒரு தடவ கழட்டினா கழட்டினதுதான்."

லூர்து புது ஒயர் ஒரு செட்டு வாங்கி வைத்திருந்தார், சிவப்பு நிறம். வடிவு அதை டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினாள். போகும்போதும் வரும்போதும் அது உள்ளே உருண்டு சத்தம் கொடுத்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, பேச்சிமுத்துவும் பேசவில்லை. இப்போது அவன் மற்ற எல்லாவற்றையும் பேசுகிறவனாக இருந்தான். மகளை முன் சீட்டில் உட்கார வைத்து ஆத்துப்பாலம் வரைக்கும் போய்வருவார்கள், அவளும் அவனும் சினிமா பற்றிச் சண்டை போடுவார்கள். வடிவு ஓட்டிக்கொண்டே சிரிப்பாள். ஆவணியிலிருந்து அவள் கத்தரிக்காய் வாங்குவதில்லை.

ஐப்பசி இரண்டாம் வெள்ளி. பேச்சிமுத்துவுக்குத் தீபாவளித் தையல், அவன் கூட வரவில்லை. சேரன்மகாதேவி தாண்டியதும் மழை திரைபோல இறங்கியது. கார் இரண்டு தடவை குதித்தது, ஓரம் கட்டுவதற்குள் நின்றது. வடிவு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தின செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மெஷின் பழுதாகி, ரத்தத்தைச் சுத்தம் செய்யாமலே திரும்பியிருந்தபடியால் ஆவுடையம்மாளின் கால்கள் தலையணை மாதிரி வீங்கியிருந்தன, மூச்சு விடும்போது நெஞ்சில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். பாதையில் மரம் விழுந்திருக்கிறது, நேரமாகும் என்றார்கள். நாற்பது நிமிசம். அந்த நாற்பது நிமிசமும் வடிவு பின் சீட்டில் உட்கார்ந்து டீச்சரைத் தன் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, போகிற வண்டிகளுக்கெல்லாம் ஜன்னல் வழியே துண்டை வீசிக்கொண்டிருந்தாள். கடைசியில் வாழைத்தார் ஏற்றிய ஒரு லாரி நின்றது. டிரைவரும் கிளீனரும் டீச்சரைத் தூக்கிக் கேபினில் உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரியில், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொன்னார்கள்.

சாயங்காலம் படுக்கையில் கண் திறந்ததும் டீச்சர், "லாரி சீட்டு உயரமா வசதியாத்தான் இருந்துச்சு வடிவு" என்றாள்.

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"எதுக்கு? நீ ஒயர மாத்தாததுக்கா? எனக்கும் தெரியும்டி, டேஷ்போர்டுல உருளுது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மாத்துன்னு நான் சொல்லமாட்டேன். பேச்சிமுத்து அஞ்சாங் கிளாஸ்ல எங்கிட்ட கணக்குப் படிச்சவன். விடை தெரிஞ்சும் எந்திரிக்கமாட்டான். நானும் அவனக் கேக்கமாட்டேன். பீரியடு முடிஞ்சிரும்னு."

அடுத்த செவ்வாயும் வெள்ளியும் மற்ற டிரைவர்கள் கார் கொடுத்தார்கள். ஆனால் கார்த்திகை வந்தால் அந்த ஸ்டாண்டில் ஒரு வண்டியும் நிற்காது, அத்தனையும் மாலை போட்டவர்களை ஏற்றிக்கொண்டு சபரிமலைக்குப் போய்விடும். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். யாரும் கூட்டம் போடவில்லை, விசயம் தெரிந்து தானாக வந்தார்கள். காய்ந்த வெயில் அடித்தது, கார் ஓடியது, இரண்டு துடிப்புக்கு ஒன்றை விழுங்கியது. சுடலைமணி கண்டக்டர் காருக்குள் ஏறி உட்கார்ந்து, "எனக்கு இது வேணும், இல்லன்னு பொய் சொல்லமாட்டேன், ஆனா டீச்சர் உசிருன்னு வந்தா நான் வாயத் திறக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பீர்முகம்மது ஏறி, தன் ஆட்டோவிலும் ஒயரைத் தளர்த்திப் பார்த்ததாகவும், அது வெறுமனே இருமியதே தவிர தன் நாக்கு இருந்த இடத்திலேயே இருந்ததாகவும் சொன்னார். முதல் தடவையாகத் தென்காசியிலிருந்து மகனோடு வந்திருந்த ஒரு அம்மாள் ஏறவில்லை. மகனுக்கு இருபது வயசிருக்கும், பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கிடுங்கம்மா" என்று அந்த அம்மாள் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பேசி முடித்ததும் வடிவு காரை எடுத்து, பேச்சிமுத்துவை மட்டும் ஏற்றிக்கொண்டு, ஆத்துப்பாலத்தில் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

பேச்சிமுத்து ஆற்றைப் பார்த்தான். கீழே மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. "மாத்திரு வடிவு" என்றான். "எனக்கு ஒண்ணுமில்ல. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிச்சிட்டேன். ரெண்டு மாசமா சொன்னதையேதான் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீயும் கேட்டுக் கேட்டு அலுத்திருப்ப. இனிமே சொல்லுததுக்கு எங்கிட்ட ஒண்ணும் கிடையாது."

ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது அது. அப்போதுதான் வடிவுக்குத் தெரிந்தது, அது பொய். திக்குகிறவனுக்குப் பொய் சொல்ல வசதிப்படாது. உள்ளதைச் சொல்லவே மூச்சுப் போதாதவன் இல்லாததைச் சொல்லிச் செலவழிக்கமாட்டான். பத்தொன்பது வருசத்தில் அவன் அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. முதல் பொய்யை இவ்வளவு அழகாக, இவ்வளவு சரளமாகச் சொல்லிவிட்டு, அவள் நம்பிவிட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நம்பியது போலத் தலையாட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்து, அதன் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அவன் தயங்கித் தயங்கி அவள் முதுகில் கை வைத்தான். எஞ்சின் தன்பாட்டுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தது.

ஸ்டாண்டுக்குத் திரும்பியதும் அவள் தென்காசிக்காரப் பையனிடம் போய், "வா, ஏறு" என்றாள். அன்று மாலை ஐந்து மணி வரைக்கும், பெட்ரோல் முள் சிவப்பைத் தொடும் வரைக்கும், அவனும் மற்றவர்களும் முறை வைத்துப் பேசினார்கள். பேச்சிமுத்து தன் முறையைப் பீர்முகம்மதுவுக்கு விட்டுக்கொடுத்தான்.

திங்கள்கிழமை காலை லூர்து பழைய ஒயர்களை உருவினார். அவர் சொன்ன மாதிரியே தொப்பிகள் பிய்ந்தன. மூன்றாவது ஒயர் வெயிலில் காய்ந்த முருங்கைக்காய் போல நடுவில் ஒடிந்தது. சிவப்பு ஒயர்களைச் செருகி, சாவியைத் திருப்பச் சொன்னார். கார் முதல் திருப்பிலேயே பிடித்தது. அது ஓடுகிறதா இல்லையா என்று வடிவுக்குக் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. முன் சீட்டில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் ஒன்றிரண்டு வாரம் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடித்து, கைஜாடையில் விடைபெற்றுப் போனார்கள். வீரவநல்லூர்ப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அங்கே முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று, ஆனால் அவளை அனுப்பிவிடவில்லை. தென்காசிப் பையனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சுடலைமணி மறுபடி விசிலுக்குத் திரும்பினார். பெரிய நிறுத்தங்களில் மட்டும், முயற்சி செய்து பார்ப்பது போல, பேரைச் சொல்லத் தொடங்குவார். சில நாள் சொல் முடிவதற்குள் நிறுத்தமே வந்துவிடும்.

கார்த்திகை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. ஸ்டாண்டில் வேறு ஒரு கார்கூட இல்லை. வடிவு டீச்சரைப் பின் சீட்டில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு வந்தபோது பேச்சிமுத்து முன் சீட்டில் ஏறியிருந்தான். அன்றைக்கு நூலும் வாங்க வேண்டியதில்லை, பொத்தானும் வாங்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் காரை எடுத்தாள். தூறல் இருந்தது. கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

வீரவநல்லூருக்கு முன்பே அவன் தொடங்கினான். "அ... அ... அன்..." என்றான். நின்றான். மூச்சை இழுத்து மறுபடி வேறு பக்கமிருந்து வந்து பார்த்தான். "பா... பா..." கழுத்து நரம்பு புடைத்தது, கண் இறுகியது, வலது கை தொடையில் தாளம் போட்டது. வடிவு அவன் பக்கம் திரும்பவில்லை. என்ன சொல்ல வருகிறான் என்று அவளுக்குத் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிற அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தால் அரை நிமிசத்தில் முடிந்துவிடும், பத்தொன்பது வருசமாக அப்படித்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். டீச்சரும் பின்னாலிருந்து எதுவும் சொல்லவில்லை. வீரவநல்லூர் போயிற்று, சேரன்மகாதேவி போயிற்று. லாரிக்காக அன்று காத்திருந்த இடமும் போயிற்று. வைப்பர் இப்படியும் அப்படியும் போய்வந்தது. பத்தமடை எல்லையில் பேச்சிமுத்து சொல்லி முடித்தான்.

"அன்னைக்கு, பா... பாலத்துல, நான் சொ... சொன்னது, பொ... பொ... பொய்."

"தெரியும்" என்றாள் வடிவு.

அவன் சீட்டில் சாய்ந்துகொண்டான். நெற்றி வியர்த்திருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்து, "இ... இன்..." என்று தொடங்கினான்.

திருநெல்வேலிக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருந்தது.